விசைத் தெளிப்பானுக்கு ‘பிரீமியம்’ பெட்ரோல் தேவையா?

நெற்பயிர் கதிர் விடும் தருணத்தில் குலைநோய் கண்டால், மருந்து தெளிக்க உழவருக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டு மூன்று நாள்களே. அந்த நேரத்தில் விசைத் தெளிப்பானின் கயிற்றைப் பத்து முறை இழுத்தும் எந்திரம் ஓடவில்லை என்றால், பழுது பார்க்க ஆகும் செலவைவிடக் கதிரில் ஏற்படும் இழப்பே பெரிது. கடலுக்குச் சென்ற படகின் எந்திரம் நடுக்கடலில் நின்றுவிட்டால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். இத்தகைய சிறு எந்திரங்கள் அடிக்கடி மக்கர் செய்வதற்கு இன்றைய பெட்ரோலே காரணம் என்றும், ‘பிரீமியம்’ பெட்ரோல் வாங்கி ஊற்றினால் தொல்லை தீரும் என்றும் ஒரு கருத்து செங்கல்பட்டு வட்டாரத்திலும் மாமல்லபுரம் கடற்கரை ஊர்களிலும் பரவியுள்ளது. இக்கருத்தில் உண்மை எவ்வளவு, வீண் செலவு எவ்வளவு என்பதைத் தெரிந்து கொள்வது உழவர்களுக்கும் மீனவர்களுக்கும் பயன்தரும்.

ஆக்டேன் எண் என்றால் என்ன?

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதை எல்லோரும் கவனித்திருப்பார்கள். காற்றை அழுத்தினால் அது சூடாகும். எந்திரத்தின் சிலிண்டருக்குள்ளும் இதுவே நடக்கிறது. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்துகிறது, கலவை சூடேறுகிறது. ஸ்பார்க் பிளக் பொறி கொடுத்த பிறகு, தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராகப் பரவ வேண்டும். தீ சென்று சேரும் முன்பே எஞ்சிய கலவை சூட்டினால் தானாகப் பற்றிக்கொண்டால், உலோகத்தைச் சுத்தியால் தட்டுவது போன்ற ஓசை கேட்கும். இதையே ‘தட்டுதல்’ என்கிறோம். இது தொடர்ந்தால் பிஸ்டன் பழுதாகும்.

இவ்வாறு தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனின் அளவே ஆக்டேன் எண். ஐசோ ஆக்டேன் என்னும் பொருளுக்கு 100 என்றும், ஹெப்டேன் என்னும் பொருளுக்கு 0 என்றும் எண் கொடுக்கப்பட்டுள்ளது. ஒரு பெட்ரோல் 91 ஆக்டேன் உடையது என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவையைப் போல அது தாங்குகிறது என்று பொருள். ஆக்டேன் எண் கூடினால் பெட்ரோலில் சத்து கூடிவிட்டது என்று கருதுவது தவறு. அது தாங்கும் திறனைக் காட்டும் எண்ணே தவிர, ஆற்றலைக் காட்டும் எண் அன்று.

எந்த எந்திரத்துக்கு எந்த எண்?

சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தே ஆக்டேன் தேவை அமைகிறது. பந்தய வகை மோட்டார் சைக்கிள்களில் கலவை 11 முதல் 13 மடங்கு வரை அழுத்தப்படுகிறது. அவற்றுக்கு உயர்ந்த ஆக்டேன் எண் தேவை. உழவர்கள் கையாளும் விசைத் தெளிப்பான், களை வெட்டும் கருவி, சிறிய பெட்ரோல் பம்பு செட்டு, சிறு விசை உழுவை ஆகியவற்றில் கலவை பெரும்பாலும் 6 முதல் 9 மடங்கு வரையே அழுத்தப்படுகிறது. இவற்றுக்கு 91 ஆக்டேன் போதுமானது. அதற்கு மேற்பட்ட எண்ணுக்குக் கொடுக்கும் பணத்தால் இந்த எந்திரங்களுக்குக் கூடுதல் வலு கிடைக்காது.

மற்றொரு செய்தியையும் இங்கே குறிப்பிட வேண்டும். முன்பு நம் நாட்டில் விற்கப்பட்ட சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் 88. பின்னர் அது 91 ஆக உயர்த்தப்பட்டது. 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பின் அந்த எண் 95 வரை உயர்ந்துள்ளதாக மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் அளித்தது. எனவே எக்ஸ்பி 95, பவர் 95 போன்ற பெயர்களில் விற்கப்படும் பெட்ரோலுக்கும் சாதாரணப் பெட்ரோலுக்கும் ஆக்டேன் எண்ணில் முன்பு இருந்த இடைவெளி இன்று பெரிதாக இல்லை. எஞ்சியிருக்கும் வேறுபாடு, கார்புரேட்டர், வால்வு போன்ற பாகங்களில் படியும் கசடைக் குறைக்கச் சேர்க்கப்படும் துப்புரவுப் பொருள்களே.

எத்தனால் வந்த வழி

அப்படியானால் எந்திரங்களின் தொல்லைக்கு என்ன காரணம்? பல நேரங்களில் அது ஆக்டேன் எண்ணைப் பற்றியதன்று. எத்தனாலையும் அதனோடு சேரும் நீரையும் பற்றியது.

எத்தனால் என்பது சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, கரும்புச் சாறு, உடைந்த அரிசி, மக்காச்சோளம் முதலியவற்றிலிருந்து கிடைக்கும் எரிசாராயம். நாடு முழுவதும் சராசரியாக 10 சதவிகிதம் கலக்கும் இலக்கு 2022 ஜூன் மாதத்தில் எட்டப்பட்டது. 20 சதவிகிதம் கலந்த ‘இ-20’ பெட்ரோல் 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூரில் தொடங்கி வைக்கப்பட்டது. முதலில் 84 பங்குகளில் மட்டும் கிடைத்தது. 2030-க்கு வைத்திருந்த 20 சதவிகித இலக்கு 2025-லேயே எட்டப்பட்டுவிட்டது. கச்சா எண்ணெய் இறக்குமதி குறைவதும், கரும்பு, மக்காச்சோளம் பயிரிடுவோருக்குக் கூடுதல் சந்தை கிடைப்பதும் இதனால் விளையும் நன்மைகள். படாளத்தில் உள்ள மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு அனுப்பும் இவ்வட்டார உழவர்களுக்கு இது அயலான செய்தி அன்று. கரும்பு விளைவிப்பவரும் உழவர். அதிலிருந்து வரும் எத்தனாலைத் தெளிப்பானில் ஊற்றுபவரும் உழவரே. ஆகவே அதன் குணத்தை அறிந்து பயன்படுத்துவதே முறை.

எத்தனாலின் குணங்களில் நான்கைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள வெப்ப ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். இதனால் இ-20 பெட்ரோலில் லிட்டருக்கு ஆறு, ஏழு சதவிகிதம் ஆற்றல் குறைகிறது. ஒரே அளவு வேலைக்குச் சற்றுக் கூடுதலாக எரிபொருள் செலவாகும்.

இரண்டாவது, எத்தனாலிலேயே பிராணவாயு உண்டு. ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு 9 பங்கு போதும். பழைய கார்புரேட்டர் இந்த மாற்றத்தைத் தானாக அறிந்து சரி செய்துகொள்ளாது. எனவே கலவையில் காற்று மிகுந்து எந்திரம் அதிகமாகச் சூடேறும்.

மூன்றாவது, பழைய ரப்பர்க் குழாய், கார்க் வாஷர், கார்புரேட்டரின் டயாபிரம் முதலியவை எத்தனால் பட்டு ஊதிப்போகும் அல்லது வெடிப்பு விடும். தொட்டியில் நெடுநாள் படிந்த கசடும் கழன்று வந்து கார்புரேட்டரின் நுண் துளையை அடைக்கும். சிறு எந்திரங்களின் கையேடுகளில் பல, 10 சதவிகிதத்துக்கு மேல் எத்தனால் கலந்த பெட்ரோலை ஏற்பதில்லை.

நான்காவது, எத்தனால் நீரை ஈர்க்கும். கடற்கரை ஊர்களில் இதுவே முதன்மையானது.

கடற்கரை ஈரமும் எரிபொருளும்

எத்தனால் கலக்காத பெட்ரோலில் நீர் புகுந்தால் அது தனியே அடியில் தங்கிவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் சிறிதளவு நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். 10 சதவிகிதக் கலப்பு லிட்டருக்குச் சுமார் 5 மில்லி லிட்டர் வரை தாங்கும். 20 சதவிகிதக் கலப்பு இதைவிடக் கூடுதலாகத் தாங்கும். அந்த அளவு கடந்ததும் எத்தனாலும் நீரும் ஒன்று சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். மேலே நிற்கும் பெட்ரோல் ஆக்டேன் எண்ணை இழந்துவிடும். தொட்டியின் அடியிலிருந்து எந்திரத்துக்குச் செல்வது அந்த நீர்ச் சாராயக் கலவையாகும்.

இரண்டு வீச்சு எந்திரங்களுக்கு இது மிகவும் கெடுதல். இவற்றுக்குத் தனியே எண்ணெய்த் தேக்கம் இல்லை. பெட்ரோலுடன் கலக்கும் எண்ணெயே பிஸ்டனுக்கு உயவாகிறது. பிரிந்து இறங்கிய நீர்ச் சாராயத்தில் அந்த எண்ணெய் கரைந்து நிற்காது. எனவே எந்திரம் சிறிது நேரம் ஓடினாலும் உயவின்றிப் பிஸ்டன் இறுகிவிடும்.

காற்றின் ஈரத்தை மட்டும் ஈர்த்து இந்த நிலை வர நாளாகும். மூடி சரியாக மூடாத, பாதி காலியான கேன் கடற்காற்றில் மாதக்கணக்கில் கிடந்தால் இது நேரும். ஆனால் மழைநீர், படகில் தெறிக்கும் கடல்நீர், ஈரப் புனல் ஆகியவற்றின் வழியே ஒரே நாளிலும் நேர்ந்துவிடும். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர்களில் பெட்ரோல் எந்திரம் வைத்திருப்போரும், செய்யூர், திருக்கழுக்குன்றம் பகுதிகளில் தர்ப்பூசணி, காய்கறி பயிரிடுவோரும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பிரீமியம் வகை ஏன் எங்கும் கிடைப்பதில்லை?

95 ஆக்டேன் வகை நெடுஞ்சாலை ஓரத்துப் பங்குகள் சிலவற்றில் கிடைக்கும். உட்கிராமப் பங்குகளில் அரிது. இதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு வகை எரிபொருளுக்கும் நிலத்தடியில் தனித் தொட்டியும், தனிக் குழாயும் வேண்டும். டேங்கர் லாரியின் ஓர் அறை பொதுவாக 4,000 அல்லது 5,000 லிட்டர் கொள்ளும். அதற்குக் குறைவாகத் தருவிக்க இயலாது. நாளைக்கு ஐம்பது லிட்டர் மட்டுமே விற்கும் சிற்றூர்ப் பங்கு ஒன்று 4,000 லிட்டரை வாங்கி வைத்தால் அது விற்றுத் தீர எண்பது நாள் ஆகும். அவ்வளவு நாள் தேங்கிய பிரீமியம் பெட்ரோலைவிட, நேற்று இறங்கிய சாதாரணப் பெட்ரோல் மேலானது.

100 ஆக்டேன் வகையை இந்தியன் ஆயில் நிறுவனம் 2020 டிசம்பர் 1 அன்று ‘எக்ஸ்பி 100’ என்ற பெயரில் அறிமுகம் செய்தது. இது உத்தரப் பிரதேசத்தில் உள்ள மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரானது. அப்போது டெல்லியில் அதன் விலை லிட்டருக்கு 160 ரூபாய். சாதாரணப் பெட்ரோல் 82 ரூபாய்ச் சொச்சம். பெருநகரங்களில் தேர்ந்தெடுத்த பங்குகளில் மட்டுமே இது விற்பனைக்கு வந்தது. இவ்வகை எத்தனால் கலக்காதது என்பதாலேயே சிலர் இதைத் தேடிச் செல்கின்றனர். ஆனால் 95 வகையில் சாதாரணப் பெட்ரோலைப் போலவே எத்தனால் கலந்துள்ளது. எத்தனாலுக்கு அஞ்சி 95 வகை வாங்குவோர் பணத்தைக் கூடுதலாகக் கொடுத்து அதே எத்தனாலைத்தான் வாங்குகின்றனர். 100 வகை வாங்குவோரும் எத்தனால் கலந்ததா என்று பங்கில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

செலவுக் கணக்கு

ஒரு பட்டத்தில் 40 லிட்டர் பெட்ரோல் செலவாகிறது என்றும், 95 வகைக்கு லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்றும் கொள்வோம். கூடுதல் செலவு 320 ரூபாய். செங்கல்பட்டுக்கோ நெடுஞ்சாலைக்கோ சென்று வரும் செலவும் நேரமும் தனி. இதே பணத்தில் எரிபொருள் குழாய், வடிகட்டி, ஸ்பார்க் பிளக் ஆகியவற்றைப் பட்டத் தொடக்கத்தில் புதிதாக மாற்றிக்கொள்ளலாம். எந்திரம் தடையின்றி ஓடுவதற்கு இதுவே கூடுதலாக உதவும்.

பங்கில் கவனிக்க வேண்டியவை

விற்பனை மிகுந்த பங்கில் வாங்குவது நல்லது. சரக்கு எப்போது இறங்கியது என்று கேட்கலாம். வடிதாள் சோதனை, அடர்த்திச் சோதனை, முத்திரையிட்ட 5 லிட்டர் அளவையால் அளவுச் சோதனை ஆகியவற்றைக் கேட்டுப் பெற வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. சரக்கு வந்தபோது பதிவான அடர்த்திக்கும் சோதனையில் காணும் அடர்த்திக்கும் 15 டிகிரி வெப்பநிலைக் கணக்கில் 3 அலகுக்கு மேல் வேறுபாடு இருத்தல் கூடாது.

2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் புயல் போன்ற பெருமழைக்குப் பின், தாழ்வான இடங்களில் நிலத்தடித் தொட்டிக்குள் நீர் கசிய வாய்ப்பு உண்டு. அத்தகைய நாள்களில் தொட்டியின் நீர்ச் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்ட பின்னரே வாங்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை

எத்தனாலின் அளவை அறிய எளிய வழி உண்டு. 100 மில்லி லிட்டர் கொள்ளும், கோடிட்ட கண்ணாடி உருளையில் 20 மில்லி லிட்டர் தண்ணீரும் 80 மில்லி லிட்டர் பெட்ரோலும் ஊற்றி, மூடி, மெல்லக் குலுக்கிப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். அடியில் தங்கும் நீர்ப்பகுதி 20 என்ற கோட்டிலேயே நின்றால் எத்தனால் இல்லை. ஏறக்குறைய 28-க்கு உயர்ந்தால் 10 சதவிகிதம். 36-க்கு உயர்ந்தால் 20 சதவிகிதம். இச்சோதனையைத் திறந்த வெளியில், தீயும் புகையும் மின்பொறியும் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும். சோதித்த பெட்ரோலை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

இம்முறையிலேயே பெட்ரோல் முழுவதையும் நீரால் கழுவி எத்தனாலை நீக்கிவிடலாம் என்று சிலர் கூறுவர். இது தவறான யோசனை. எத்தனால் நீங்கினால் ஆக்டேன் எண் இறங்கிவிடும். பெட்ரோலில் ஈரம் தங்கும். தீ விபத்துக்கும் இடமாகும். கழுவிய நீரை ஊற்றும் மண்ணும் கெடும்.

சேமிக்கும் முறை

இரண்டு வாரத் தேவைக்கு மேல் பெட்ரோல் வாங்கி வைக்கக் கூடாது. விற்பனைக்கு அல்லாமல் சொந்த உபயோகத்துக்கு உரிமம் இன்றி வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவு 30 லிட்டர். அதையும் 25 லிட்டருக்கு மேற்படாத உலோகக் கலனில், இறுக மூடி வைக்க வேண்டும். கண்ணாடிப் பாத்திரமானால் ஒரு லிட்டருக்கு மேற்படக் கூடாது. தண்ணீர் பாட்டிலிலும், பூச்சிமருந்து வந்த டப்பாவிலும் பெட்ரோல் வைப்பது ஆபத்து. கலனில் பத்தில் ஒன்பது பங்கு நிரப்பி, நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்புக்கும் விளக்குக்கும் அப்பால் வைக்க வேண்டும். எண்ணெய் கலந்த பெட்ரோலை அன்றன்றைய தேவைக்கு மட்டும் கலப்பது சிறந்தது. 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி லிட்டர்; 50-க்கு 1 என்றால் 20 மில்லி லிட்டர். எது பொருந்தும் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எந்திரப் பராமரிப்பு

பட்டம் தொடங்கும் முன் எரிபொருள் குழாயை விரலால் வளைத்துப் பார்க்க வேண்டும். பிசுபிசுப்போ வெடிப்போ தெரிந்தால், எத்தனாலைத் தாங்கும் வகைக் குழாயாக மாற்ற வேண்டும். எந்திரம் அதிகம் சூடானாலோ, வேகம் கூட்டும்போது திணறினாலோ, சோக்கைப் பாதி மூடி ஓட்டிச் சமாளிப்பது சரியன்று. மெக்கானிக்கிடம் காட்டிக் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, கலவை அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

தெளிப்பு முடிந்து எந்திரம் இரண்டு வாரத்துக்கு மேல் ஓய்வில் இருக்கும் என்றால், தொட்டியைக் காலி செய்து, எந்திரம் தானாக நிற்கும் வரை ஓடவிட வேண்டும். பின்பு பிளக்கைக் கழற்றிச் சில சொட்டு எண்ணெய் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெல்ல இழுத்துப் பிளக்கை மாட்ட வேண்டும். அடுத்த பட்டத்தில் முதல் இழுப்பிலேயே எந்திரம் ஓடுவதற்கு இந்தப் பத்து நிமிட வேலை போதும். எத்தனால் கலக்காத பெட்ரோல் கைக்கெட்டும் தொலைவில் கிடைத்தால், ஓய்வில் வைக்கும் முன் அரை லிட்டர் ஊற்றி ஓட்டிக் காலி செய்வதும் நல்லதே. ஆனால் அதற்காகச் சென்னைக்குச் செல்ல வேண்டியதில்லை.

அரை ஏக்கர், ஒரு ஏக்கர் காய்கறிப் பயிருக்கு மட்டும் தெளிப்போர், புதிதாக வாங்கும்போது மின்கலத் தெளிப்பானையும் கருதிப் பார்க்கலாம்; அதில் பெட்ரோல் பற்றிய கவலையே இல்லை. பெட்ரோல் எந்திரம் வாங்குவோர், இ-20 எரிபொருளுக்கு ஏற்றதா என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நன்று.

சுருங்கக் கூறின், சிறு எந்திரங்களுக்குத் தேவை பெயர் பெற்ற பெட்ரோல் அன்று. புதிதாக வாங்கிய, நீர் புகாத, தேங்கி நிற்காத பெட்ரோலே. அது உள்ளூர்ப் பங்கிலேயே கிடைக்கும். பயிருக்கு மருந்து தேவைப்படும் நாளில் தெளிப்பான் ஓடுமா என்பது, சென்ற பட்டத்தின் கடைசி நாளில் தொட்டி காலி செய்யப்பட்டதா என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது.